கோளாறு எதுவும் காணப்படவில்லை

சர்வீஸ் சென்டர் கவுன்டரில் நீட்டிய தாளைக் கட்டெறும்பு அங்கேயே நின்று வாசித்தாள். "ஹெட்லைட் சோதிக்கப்பட்டது. கோளாறு எதுவும் காணப்படவில்லை. ஓட்டுபவரின் கை பட்டு ஸ்விட்ச் அணைந்திருக்கலாம்." அடியில் கோழி கிளறியதுபோல ஒரு கையெழுத்து.

"யார் கை?" என்று கேட்டாள்.

கவுன்டர் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஃபோர்மேன் சொன்னதுதான்க்கா. நான் டைப் அடிக்கிறதோட சரி."

"அப்ப சொன்னவரையே வரச் சொல்லு."

ஃபோர்மேன் நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். கதவில் தலை இடிக்காமல் குனிந்து வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்வதுபோல ஆரம்பித்தார்.

"மேடம், இது நாலாவது தடவ. முதல்ல பல்பு மாத்தினோம். அப்புறம் ஃபியூஸ் மாத்தினோம். போன தடவ பேட்டரி முனையச் சுரண்டிச் சுத்தம் பண்ணினோம். ஒவ்வொரு தடவையும் நானே உக்காந்து லைட்டப் போட்டுப் பாத்தேன், இந்த தடவ ரெண்டு ரவுண்டு ஓட்டியும் பாத்தேன். ஜம்முன்னு எரியுது. வண்டியில ஒண்ணுமில்ல."

"அப்ப கோளாறு எங்கிட்டன்னு சொல்றீங்க."

"அப்படி நான் சொல்வேனா? லேடீஸ் சில பேரு ஸ்டீயரிங்கைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு ஓட்டுவாங்க. கை ஸ்விட்சுல இடிக்கும், லைட்டு அணையும். பழகப் பழகச் சரியாயிடும்."

அவள் கார் ஓட்ட ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அந்த மனிதருக்கு அப்போது மீசை முளைத்திருக்குமா என்பதே சந்தேகம். காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. கத்தினால் குரல் கீச்சென்று போகும், அதற்கும் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். சாவியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். காரில் ஏறி உட்கார்ந்தால் கால் பிரேக்கை எட்டவில்லை. எவனோ சீட்டைப் பின்னால் தள்ளி, ஸ்டீயரிங்கை மேலே ஏற்றி வைத்திருந்தான். ஒவ்வொரு முறையும் இதே கதை. திட்டிக்கொண்டே சீட்டை முன்னால் இழுத்து, ஸ்டீயரிங்கை அடிமட்டத்துக்கு இறக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் உயரம் நாலடி எட்டங்குலம். கட்டெறும்பு என்ற பெயரை வைத்தவர் அவள் பார்த்துக்கொண்ட நோயாளி, துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டிய பெரியவர். முதல் நாள் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க அவள் வந்து நின்றபோது, "என்னம்மா, கம்பெனில ஆளு தீந்து போச்சா? பாதி ஆளத்தான் அனுப்பியிருக்காங்க," என்றார். அவள் போர்வையை அவருக்கு அடியில் செருகி, முழங்காலைக் கட்டிலில் முட்டுக் கொடுத்து, ஒரே இழுப்பில் அந்த எண்பது கிலோவையும் பக்கவாட்டில் திருப்பினாள். "அடியம்மா, கட்டெறும்பு!" என்றார் பெரியவர். பெயர் ஒட்டிக்கொண்டது. பராமரிப்பு நிறுவனத்தில் கூட அதைச் சொன்னால்தான் ஆள் தெரியும்.

முப்பத்தெட்டு வயதில் ஆறு மாதப் பயிற்சி முடித்து இந்த வேலைக்கு வந்தவள். படுக்கையில் விழுந்தவர்களைக் குளிப்பாட்டுவது, உட்கார வைப்பது, மருந்து கொடுப்பது, மருத்துவமனைக்கும் உடற்பயிற்சிக்கும் அழைத்துப் போய்க் கூட்டி வருவது. ஒரு நாளைக்கு மூன்று வீடு. ஊரின் ஒரு கோடியில் ஒரு வீடு, மறு கோடியில் இன்னொன்று. கார் இல்லாதவர்களுக்கு அந்த நிறுவனம் வீடு கொடுப்பதில்லை. அவள் கார் சின்னது, புதியது, வாங்கி ஒன்றரை வருஷம். வாங்கிய நாலாம் மாதத்திலிருந்து இந்தக் கண்ணாமூச்சி. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹெட்லைட் இரண்டும் பட்டென்று அணையும். சில நொடி கழித்துத் தானாகவே எரியும். யாரிடமாவது காட்டலாம் என்று நிறுத்தினால் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல எரிந்துகொண்டு நிற்கும்.

அணைந்த தடவைகளில் ஒன்று, பெரியவர் பின் சீட்டில் இருந்தபோது.

போன வாரம் ஒரு நாள், காலை பத்து மணி. இடுப்புப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறாள். ரயில் பாதைக்குக் கீழே போகும் சுரங்கப் பாதையில் பாதி விளக்குகள் எரிவதில்லை, நடுவில் ஒரு வளைவு. வளைவுக்கு முன்னால் தரையில் ஒரு இரும்புச் சட்டம். அதில் சக்கரம் ஏறி இறங்கியதும் லைட் போயிற்று. கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் இடது பக்கச் சக்கரம் ஓரக் கல்லில் மோதி, கார் சுவரை உரசி நின்றது. வேகம் இல்லை. ஆனாலும் பெரியவர் முன் சீட்டின் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டார். மூன்று தையல்.

தையல் போடும்போது கூட அவர் வாய் ஓயவில்லை. "லைட்டு போச்சு, டாக்டர். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பொண்ணு கை ரெண்டும் ஸ்டீயரிங் மேலதான் இருந்துது. கிரேன்ல உக்காந்து கீழ நிக்கிறவன் கையையே பாத்துப் பாத்துப் பழகின கண்ணு இது. கையில தப்பில்ல."

அவர் மகள், கணக்கு வாத்தியாரம்மா, பள்ளியிலிருந்து ஓடி வந்திருந்தாள். "அப்பாவுக்கு காலைல என்ன சாப்பிட்டோம்னே ஞாபகம் இருக்காது டாக்டர்," என்றாள்.

அதோடு சாட்சி முடிந்தது.

நிறுவனத்து மேற்பார்வையாளர் அவள் மகன் வயதுக்காரர். மேசை மேல் அவளுடைய கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். அதில், விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில், "ஓட்டுநர் கவனக்குறைவு" என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

"அம்மா, உங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. ஆனா இந்த ரெண்டு வார்த்த ஃபைல்ல இருந்தா நோயாளிய ஏத்திக்கிட்டுப் போக விட முடியாது. அது ரூல்."

"எழுதினது நீங்கதானே? என்னைக் கேட்டீங்களா?"

"வண்டியில கோளாறுன்னா கம்பெனிக்காரன் எழுத்துல குடுக்கட்டும். பத்து நாள் டைம் தர்றேன். இல்லேன்னா பேர எடுத்துடுவாங்க. என் கையில இல்ல."

யார் கையிலும் இல்லாத உலகம் இது. கவுன்டர் பெண் டைப் அடிப்பதோடு சரி. மேற்பார்வையாளர் கையில் ஒன்றும் இல்லை. ஸ்விட்சை அணைக்கிற கை மட்டும் அவளுடையது!

அந்தப் பத்து நாளில் நாலு நாள் சர்வீஸ் சென்டரிலேயே போயிற்று. கைக்கு வந்தது அந்தத் தாள்தான். அதை மேற்பார்வையாளரிடம் கொண்டுபோவதும், தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டுக்கொள்வதும் ஒன்று.

வீட்டுக்கு வந்து தாளைச் சாப்பாட்டு மேசை மேல் எறிந்தாள். அவள் கணவர் பெயின்டர். ஏணி இல்லாமலே கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம், அவ்வளவு உயரம். தாளைத் தூரத்தில் பிடித்து வாசித்தார்.

"சரியாத்தானே எழுதியிருக்கான்."

"என்ன சரி?"

"ஞாயித்துக்கிழமை பூரா நான்தான ஓட்டுறேன். பெயின்ட் டப்பாவ ஏத்திக்கிட்டு மேடு பள்ளம் எல்லாம் போறேன். எனக்கு ஒரு தடவ கூட அணையலையே."

"அப்ப வண்டிக்கு உங்க மேல ஆசை. என் மேல வெறுப்பு."

"நான் அப்படிச் சொல்லல..."

"ஊருல ஒருத்தன் பாக்கியில்லாம 'நான் அப்படிச் சொல்லல'ன்னு சொல்லிச் சொல்லியே பழிய என் தலையில கட்டிட்டாங்க. தாலி கட்டினவரு நீங்களும் அதையே சொல்லுங்க. குறை வைக்காதீங்க."

"இப்ப எதுக்கு எம்மேல பாயுற? நானா லைட்ட அணைச்சேன்?"

"அணைச்சா கூடப் பரவால்ல. அணைஞ்சுதுன்னு நம்பவாவது செய்வீங்க."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் நின்றபடியே சாப்பிட்டார். புத்திசாலி.

அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கோபம் ஒரு பக்கம். பெரியவரை இப்போது யார் புரட்டுகிறார்கள் என்பது இன்னொரு பக்கம். முதலில் அவரைப் பார்த்த மூன்று மருத்துவர்களும் இடுப்பில் ஒன்றுமில்லை என்றுதான் எழுதியிருந்தார்கள். வலி வலி என்று அவர் கத்துவது கிழவரின் அடம் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அவள்தான் ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கண்டுபிடித்தாள்: படுத்திருக்கும்போது அவருக்கு வலி இல்லை. கழிப்பறை நாற்காலியில் உட்காரும்போது மட்டும்தான் வலி. மருத்துவர்கள் மூவரும் அவரைப் படுக்க வைத்தே அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். நாலாவது மருத்துவரிடம் போனபோது அவள் விடவில்லை. "உக்கார வெச்சுப் பாருங்க," என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார வைத்ததும் அவர் போட்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இடுப்பு எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தது. பயிற்சியில் முதல் வாரமே சொல்லித் தருவதுதான் இது. வலி எந்த நிலையில் வருகிறதோ அந்த நிலையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

காலையில் காரை எடுக்கக் கீழே போனாள். முந்தின சாயங்காலம் கணவர் பிரஷ் வாங்கப் போய் வந்திருந்தார். உட்கார்ந்தால் ஸ்டீயரிங் மூக்குக்கு நேரே நின்றது, கால் காற்றில் ஆடியது. "ஒட்டகம் ஏறி இறங்கின மாதிரி வெச்சிட்டுப் போறதப் பாரு," என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்டீயரிங்கின் அடியில் இருந்த நெம்புகோலைத் தளர்த்தினாள்.

தளர்த்திய கை அப்படியே நின்றது.

வீட்டில் ஒட்டகம். சர்வீஸ் சென்டரிலும் ஒட்டகம். ஃபோர்மேன் வண்டியைப் பார்த்த நாலு தடவையும் அவள் சீட்டை முன்னால் இழுத்திருக்கிறாள், ஸ்டீயரிங்கை இறக்கியிருக்கிறாள். நாலு தடவையும் திட்டியிருக்கிறாள். திட்டியதோடு சரி. இவ்வளவு நாள் இந்த மண்டைக்குள் என்ன வைத்திருந்தோம் என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

கார் நிறுத்துமிடம் நிலவறை. எதிரே வெறும் சுவர். ஹெட்லைட்டைப் போட்டாள், சுவரில் இரண்டு வட்டம் விழுந்தது. ஸ்டீயரிங்கை மேலேயே வைத்துக்கொண்டு கார்க் கதவைத் திறந்து ஓங்கிச் சாத்தினாள். எரிந்தது. பத்துத் தடவை சாத்தினாள், பத்துத் தடவையும் எரிந்தது. ஸ்டீயரிங்கை நடுவாக்கில் இறக்கினாள். அப்போதும் எரிந்தது. அடிமட்டத்துக்கு இறக்கி, தான் வழக்கமாக ஓட்டும் நிலையில் வைத்துச் சாத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது சாத்தலில் சுவர் இருண்டது.

ஸ்டீயரிங்கை மேலே ஏற்றினாள். வட்டம் இரண்டும் திரும்பி வந்தன.

பையிலிருந்து நோட்டை எடுத்தாள். நோயாளிகளின் காய்ச்சலும் இரத்த அழுத்தமும் எழுதும் நோட்டு. நேரம், ஸ்டீயரிங் நிலை, சாத்திய தடவை, அணைந்த தடவை என்று கட்டம் போட்டு எழுதினாள். அடிமட்டத்தில் பத்துக்கு நாலு. மேலே இருந்தால் பத்துக்குப் பூஜ்யம். மறுபடி பத்து, மறுபடி பத்து. கதவுச் சத்தம் கேட்டுப் பல் துலக்கிக்கொண்டே கணவர் இறங்கி வந்தார். அவரை நிற்க வைத்துக் காட்டினாள். அவர் கண்ணெதிரே சுவர் அணைந்தது.

பிரஷை வாயிலிருந்து எடுத்தார். "நான் அப்பவே சொன்னேன்ல, வண்டியிலதான் ஏதோ கோளாறுன்னு."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் வாயில் இருந்த நுரையை விழுங்கிவிட்டார்.

சர்வீஸ் சென்டரில், வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார் ஃபோர்மேன். பார்த்துவிட்டு ஃபோன் செய்வாராம்.

"விட மாட்டேன். நான் உக்கார்ற மாதிரி சீட்டையும் ஸ்டீயரிங்கையும் வெச்சுட்டு, என் கண்ணு முன்னாடி நீங்க உக்காந்து பாக்கணும்."

"கஸ்டமர் உள்ள வரக் கூடாது மேடம். ரூல்."

அவளுக்கு ரூல் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது. காரில் ஏறினாள். வண்டிகளை உள்ளே விடும் பெரிய வாசலில் குறுக்கே நிறுத்தி, கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் பின்னால் மூன்று கார்கள் ஹாரன் அடித்தன. ஒருவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடியை ஒரு விரல் இறக்கி, "என்னோட ஹெட்லைட்ட இவங்க பாக்கிற வரைக்கும் நகர மாட்டேன். அவசரம்னா அவரைப் போய்த் திட்டுங்க," என்று ஃபோர்மேனைக் காட்டினாள். அவர் போய்த் திட்டினார். நன்றாகவே திட்டினார்.

கடைசியில் ஃபோர்மேன் வந்தார். "சரி. எறங்குங்க."

இறங்கினாள். அவர் கதவைத் திறந்ததும் கை தானாகவே சீட்டுக்கு அடியில் போயிற்று.

"கைய எடுங்க!"

மெக்கானிக்குகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தக் கைதான். நாலு தடவையும் அந்தக் கைதான் முதல்ல சீட்டத் தள்ளிச்சு, ஸ்டீயரிங்க ஏத்திச்சு. அப்புறம் லைட்டு எரியாம என்ன செய்யும்? அப்படியே ஏறுங்க."

ஆறடி மனிதர் அந்த இடுக்கில் ஏறினார். முதலில் தலை இடித்தது. அப்புறம் முழங்கால் ஸ்டீயரிங்குக்கு இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு நின்றது. ஒரு மெக்கானிக், "சார், குதிகாலக் காதுல வெச்சுக்குங்க, எடம் பத்தும்," என்றான். சிரிப்பு. ஃபோர்மேன் முகம் சிவந்து லைட்டைப் போட்டார். எதிரே தண்ணீர் அடிக்கும் கூடத்தின் சுவரில் வெளிச்சம் விழுந்தது. கதவைச் சாத்தினார். எரிந்தது. மறுபடி சாத்தினார். எரிந்தது. நாலு, ஐந்து, ஆறு.

"பாத்தீங்கல்ல மேடம்?" என்றார். குரலில் பழைய வாய்ப்பாடு திரும்பிவிட்டிருந்தது.

கட்டெறும்பு நோட்டைப் பிரித்தாள். அதில் பத்துக்கு நாலு என்று எழுதியிருந்தது. நாலு என்றால் ஆறு தடவை எரியத்தான் செய்யும்.

"ஓட்டுங்க," என்றாள். "வாசல்ல இருக்கிற அந்த வேகத்தடை மேல ஏத்தி இறக்குங்க. நோயாளிய ஒரே இடத்துல உக்கார வெச்சா என்ன தெரியும்? நடக்க விட்டுப் பாக்கணும்."

முழங்காலை மடக்கிக்கொண்டு, தவளைபோல உட்கார்ந்து ஓட்டினார். முன் சக்கரம் வேகத்தடையில் ஏறி இறங்கியது. சுவர் அணைந்தது.

சிரிப்பும் அணைந்தது. ஃபோர்மேன் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. லைட் தானாகவே திரும்பி எரியும் வரைக்கும் அப்படியே இருந்தார்.

பிறகு இறங்கி, தரையில் மல்லாந்து படுத்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்தார். ஸ்விட்சிலிருந்து வரும் வயர்க் கட்டை இரும்புத் தண்டோடு சேர்த்து ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இரண்டு விரற்கடை முன்னால் கட்டிவிட்டார்கள். ஸ்டீயரிங் மேலே இருந்தால் வயர் தளர்ந்து கிடக்கும். அடிமட்டத்துக்கு இறக்கினால் வீணைத் தந்திபோல விறைத்து, இணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கும். ஒரு குலுக்கல் போதும். இணைப்பில் கருகின தடம் தெரிந்தது.

"தொழிற்சாலையில கட்டும்போதே பண்ணின தப்பு," என்றார் ஃபோர்மேன் தரையிலிருந்து. பட்டையை வெட்டித் தள்ளிக் கட்டினார். இணைப்பை மாற்றினார். கால் மணி நேர வேலை. எழுந்து வந்து தாளில் எழுதினார்: "இணைப்பு மாற்றப்பட்டது. வண்டி நல்ல நிலையில் உள்ளது."

"இது என்ன?"

"சரி பண்ணியாச்சே மேடம். எடுத்துட்டுப் போங்க."

"ஏன் அணைஞ்சுதுன்னு எழுதுங்க. ஓட்டினவ தப்பில்லன்னு எழுதுங்க."

"அப்படியெல்லாம் எழுத முடியாது. கம்ப்யூட்டர்ல ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல இருக்கிறதத்தான் போடணும். தொழிற்சாலைத் தப்புன்னு அதுல ஒண்ணு கிடையாது."

"கை பட்டிருக்கலாம்னு ஒண்ணு இருக்கோ?"

பதில் சொன்னது கவுன்டர் பெண். எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை.

"இருக்குக்கா. பதினாலாம் நம்பர். இதே மாடல் வண்டிக்கு இந்த வருஷம் எட்டுப் பேருக்கு அதப் போட்டிருக்கேன்."

"எட்டுப் பேரா?"

"ஏழு லேடீஸ், ஒரு வயசானவரு. எல்லாருமே கவுன்டருக்கு மேல மூஞ்சி மட்டும் தெரியிற உயரம். இப்பத்தான் எனக்கே உறைக்குது."

"எட்டுப் பேரு வந்து சொல்லியிருக்காங்க. எட்டுப் பேருக்கும் பழகப் பழகச் சரியாயிடும்னு சொல்லி அனுப்பினீங்க. ஒருத்திக்கு ஒருத்தி தெரியாது. ஒவ்வொருத்தியும் வீட்டுக்குப் போய்த் தன் கையையே திட்டிக்கிட்டிருப்பா," என்றாள் கட்டெறும்பு. குரல் கீச்சென்றுதான் போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. "என் பின் சீட்டுல இருந்த பெரியவருக்கு நெத்தியில தையல். அவங்க பின் சீட்டுல யாரு யாரு உக்காந்திருக்காங்களோ. இப்பவே ஃபோன் பண்ணு. ஸ்டீயரிங்க மேல ஏத்தி வெச்சுக்கிட்டு மெதுவா ஓட்டி இங்க வரச் சொல்லு. நான் நின்னு பாக்கிறேன்."

பெண் ஃபோர்மேனைப் பார்த்தாள். ஃபோர்மேன் கருகிய இணைப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெரியவருக்கு எத்தன தையல்?" என்று கேட்டார்.

"மூணு."

தாளைக் கிழித்தார். லிஸ்ட் இல்லாத வெறும் தாளை எடுத்துக் கையாலேயே எழுதினார். வயர்க் கட்டு தவறான இடத்தில் கட்டப்பட்டிருந்ததால் ஸ்டீயரிங் தாழ்ந்த நிலையில் ஹெட்லைட் அணைந்தது. இது உற்பத்திக் கோளாறு. ஓட்டுநரின் தவறு அல்ல. முன்பு நான்கு முறை சோதித்தபோது ஓட்டுநரின் இருக்கை நிலையில் சோதிக்கவில்லை. கடைசி வரியை அவள் கேட்கவில்லை, அவராகவே எழுதினார். கவுன்டர் பெண் முத்திரையைக் குத்திவிட்டு ஃபோனை எடுத்தாள். மன்னிப்பு என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கட்டெறும்புக்கு அது எந்த மூலைக்கு?

மேற்பார்வையாளர் தாளை வாசித்துவிட்டுச் சிரித்த முகமாக, "நல்லதாப் போச்சும்மா. நாளைக்கே புது வீடு ஒண்ணு தர்றேன்," என்றார்.

"முதல்ல ஃபைல எடுங்க."

"ஃபைல்ல எழுதினத அடிக்கக் கூடாதும்மா."

"அடிக்க வேணாம். பக்கத்துலயே எழுதுங்க, அது பொய்யின்னு."

பொய் என்று எழுதவில்லை. "தவறான பதிவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

"புது வீடு வேணாம். கிரேன்காரர் வீடுதான்."

"அவங்க பொண்ணு உங்கள வேணாம்னுட்டாங்க. வேற ரெண்டு பேர அனுப்பினோம், பெரியவர் அவங்கள நிக்க விடல. இப்ப அந்தப் பொண்ணே லீவு போட்டுப் பாத்துக்கிறாங்க."

அவள் அங்கிருந்து நேரே அந்த வீட்டுக்குப் போனாள். வாத்தியாரம்மா கதவைத் திறந்தாள். தலை வாரவில்லை, தோளில் ஈரத் துண்டு. கட்டெறும்பு பேச்சு ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் தாளை நீட்டினாள். வாத்தியாரம்மா விடைத்தாள் திருத்துவதுபோல வரி வரியாக வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

"அப்பா அன்னிக்கே சொன்னாரு," என்றாள்.

"சொன்னாரு. நீங்கதான் அவருக்கு ஞாபகம் இல்லேன்னீங்க."

வாத்தியாரம்மா கதவை விட்டு விலகி நின்றாள்.

உள்ளே நுழைந்ததுமே, விரிப்பு காலையிலிருந்து மாற்றப்படவில்லை என்று மூக்கு சொன்னது. பெரியவர் மல்லாந்து கிடந்தார். நெற்றித் தையல் பிரித்துக் கோடு மட்டும் இருந்தது.

"எங்க போய்த் தொலைஞ்ச? ஒரு வாரமா என்ன மூட்ட மாதிரி உருட்டுறாங்க," என்றார்.

"வாரம் இல்ல, எட்டு நாள். பேசாம இருங்க."

போர்வையை விலக்கிக் காலைத் தூக்கிப் பார்த்தாள். இடது குதிகாலில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தாள். வெளுக்கவில்லை, அப்படியே நின்றது. படுக்கைப் புண் தலை காட்டிவிட்டது. அவள் வந்த பதினாலு மாதத்தில் அவர் உடம்பில் அப்படி ஒரு புள்ளி விழுந்ததில்லை.

கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் தொங்க விட்டாள்.

"வெதுவெதுன்னு தண்ணி, ரெண்டு துண்டு, புது விரிப்பு," என்றாள். வாத்தியாரம்மா ஓடினாள்.

"என்ன அங்க?" என்றார் பெரியவர், தலையைத் தூக்கப் பார்த்து.

"புண்ணு வரப் பாக்குது. நல்லாப் பாத்துக்கிட்டா ஒரு மாசத்துல அடங்கும்."

"யாரு பண்ணினது?"

"கேக்காதீங்க. கேட்டா நான் மறுபடியும் கிளம்பிப் போய்க் கத்தணும். இப்ப எனக்கு வேலை கிடக்கு. அந்தப் பக்கம் திரும்புங்க."

போர்வையைச் சுருட்டி அவருக்கு அடியில் செருகினாள்.